குளிர்ந்தாலும் குறையாத கசிவு

கசிவு மேடம் என்று அவருக்குப் பெயர் வைத்தது எந்த வருஷத்துப் பிள்ளைகள் என்று துறையில் யாருக்கும் தெரியாது. வைத்தவர்களுக்கு இந்நேரம் தலை நரைத்திருக்கும். பெயர் மட்டும் ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்குக் கைமாறி, இளமை குறையாமல் வந்துகொண்டிருந்தது. மேடத்துக்கும் தெரியும். ஒருமுறை அவர் உள்ளே நுழையும்போது பின்வரிசையிலிருந்து யாரோ "கசிவு வந்தாச்சு" என்று முணுமுணுக்க, "வந்தாச்சுல்ல, அப்போ ஃபோனை உள்ளே வைங்க" என்றார். அத்தோடு அந்தப் பெயருக்கு அரசாங்க முத்திரை குத்தியாகிவிட்டது.

பெயருக்குக் காரணம் எளிது. அவருடைய பாடமும் ஆராய்ச்சியும் குறைக்கடத்தி. அதிலும் டயோடு. டயோடு என்பது மின்சாரத்துக்கு ஒருவழிக் கதவு. இந்தப் பக்கம் விடும், அந்தப் பக்கம் விடாது. விடாது என்பதெல்லாம் புத்தகத்தில். நிஜத்தில் துளியூண்டு கசியும். அந்தத் துளியூண்டைத்தான் மேடம் தன் வாலிபம் முழுக்க அளந்துகொண்டிருந்தார். கணவர் குடிநீர் வாரியத்தில் பொறியாளர். தெருவுக்கடியில் குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான். நான் ரோட்டைத் தோண்டித் திட்டு வாங்குவேன். அவ தோண்டாமலே வாங்குவா" என்று உறவுக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

திட்டு என்று அவர் சொன்னது பதவி உயர்வு விஷயத்தை. மேடத்தின் அறைக் கதவில் 'இணைப் பேராசிரியர்' என்று பலகை இருந்தது. அந்த 'இணை' என்ற இரண்டு எழுத்து போகவேண்டும். அதற்காக இரண்டு முறை நேர்காணலுக்குப் போய், இரண்டு முறையும் மூக்குடைபட்டுத் திரும்பியிருந்தார். இரண்டு முறையும் ஒரே வாசகம்: சிறந்த ஆசிரியர், ஆனால் ஆய்வில் சொந்தப் பங்களிப்பு போதாது. சிறந்த ஆசிரியர் என்பதைத் திட்டு மாதிரியும் சொல்லலாம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, பரீட்சையில் அவர் தாளை எட்டிப் பார்த்து எழுதியவர் இன்றைக்குத் துறைத்தலைவர். முழுப் பேராசிரியர். மேடம் ஓய்வு பெறுவதற்குள் இன்னும் ஒரே ஒரு நேர்காணல்தான் பாக்கி. "வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும், எனக்கென்ன" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பொய். சுத்தப் பொய். பல் தேய்க்கும்போதுகூட அவருக்கு அதே நினைப்புதான்.

ஆனால் இந்த முறை கையில் சரக்கு இருந்தது. அதன் பெயர் நடுப்படி.

விஷயம் இதுதான். டயோடைக் குளிர வைத்தால் கசிவு குறையும். இன்னும் குளிர வைத்தால் இன்னும் குறையும். வெப்பம் இல்லாவிட்டால் எலக்ட்ரான்களுக்குச் சுவர் ஏறத் தெம்பு இருக்காது, அவ்வளவுதான். ஆனால் மேடத்தின் ஆய்வு மாணவன் செய்த புதுவகை டயோடில் கசிவு ஓரளவு குறைந்து, அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. எவ்வளவு குளிர வைத்தாலும் அசையவில்லை. வரைபடத்தில் கோடு சரசரவென்று இறங்கி, திடீரென்று தரை மாதிரி படுத்துவிட்டது. ஆய்வகத்தில் அதற்குத் 'தரை' என்றே பெயர் வந்துவிட்டது.

அந்த மாணவனைத் தாடி என்று கூப்பிடுவார்கள். தூசி நுழையக்கூடாத சுத்த அறைக்குள் போகும்போது எல்லோரும் தலைக்கு உறை போட்டால் போதும், இவன் தாடிக்கும் தனியாக ஒரு வலை போடவேண்டும். "சிரைச்சிட்டு வாயேம்பா, உனக்கும் நல்லது, டயோடுக்கும் நல்லது" என்று மேடம் சொல்லிப் பார்த்தார். அவன் கேட்கவில்லை. மற்றபடி சொன்ன வேலையைத் தட்டாமல் செய்கிறவன்.

தரை ஏன் வருகிறது? மேடம் இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டார். சாப்பாட்டு மேஜையில் தட்டைத் தள்ளிவிட்டுக் கணக்குப் போட்டார். கடைசியில் ஒரு நாள் பிடிபட்டது. படிகத்தின் உள்ளே, சுவரின் பாதி உயரத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு குறை, ஒரு படி மாதிரி இருக்கிறது. எலக்ட்ரான் அதில் ஒரு கால் வைத்து, வெப்பத்தின் தயவே இல்லாமல் அந்தப் பக்கம் போய்விடுகிறது. அதுதான் நடுப்படி. சமன்பாட்டை எழுதி, தாடியின் அளவீடுகளை அதன்மேல் போட்டுப் பார்த்தால், புள்ளியெல்லாம் கோட்டின்மேல் அச்சுக் கோத்த மாதிரி வந்து உட்கார்ந்தது. மேடம் அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கணவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் பயந்துவிட்டார். "ஏம்மா, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டார்.

கட்டுரை வெளியானது. பேசப்பட்டது. இரண்டு வருஷம் ஓடியது. நேர்காணலுக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது, வேறொரு ஊரில் பெரிய ஆய்வகம் நடத்தும் பேராசிரியர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நாங்களும் அதே டயோடைச் செய்து பார்த்தோம், உங்கள் தரை எங்களுக்கும் அப்படியே வருகிறது, கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறோம், வாழ்த்துகள் என்று. அவர் வாழ்த்துச் சொன்னால் ஊரே சொன்ன மாதிரி. துறைத்தலைவர் கேக் வாங்கி வரச் சொன்னார். வெட்டும்போது, "இந்தத் தடவை யாரு தடுக்கிறான்னு பார்த்துடலாம்" என்றார். பழைய நண்பர், மனசாரத்தான் சொன்னார். ஒரு துண்டு அதிகமாகவும் சாப்பிட்டார்.

அதற்கு அடுத்த வாரம் தரை காணாமல் போனது.

அளக்கும் அறை சின்ன அறை. ஜன்னல் கிடையாது. நடுவில் அலமாரி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, அதற்குள் குளிரூட்டும் தட்டு, தட்டின்மேல் டயோடு. அதற்கு மேலே, பெட்டிக்குள்ளேயே மைக்ராஸ்கோப். மயிரிழை மாதிரி இரண்டு முள்ளை டயோடின்மேல் இறக்கித்தான் அளக்கவேண்டும். குறைக்கடத்திமேல் வெளிச்சம் பட்டால் அதுவே மின்சாரத்தை உண்டாக்கும் என்பது முதல் வருஷப் பாடம். அதனால் மேடம் தன் பிள்ளைகளுக்கு ஒரு வரிசை சொல்லிக்கொடுத்திருந்தார்: லைட்டைப் போடு, முள்ளை இறக்கு, லைட்டை அணை, பெட்டியை மூடு, அப்புறம் அள. வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைப்பார். தாடி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

அன்று காலை அவன் மேடத்தின் அறை வாசலில் வந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

"மேடம், டயோடு செத்துப்போச்சுன்னு நினைக்கிறேன்."

"எப்படிச் சாகும்?"

"தரை இல்ல மேடம். கோடு பாட்டுக்குக் கீழே போயிட்டே இருக்கு. மெஷினுக்கே அளக்க முடியாத அளவுக்குப் போயிருச்சு."

"முள்ளு தூக்கியிருக்கும்ப்பா. சரியா இறக்கு."

"நேர்வழியில மின்சாரம் ஒழுங்கா போகுதே மேடம்."

மேடம் எழுந்து போனார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கதவு திறக்கவேண்டிய பக்கம் திறந்தது, மூடவேண்டிய பக்கம் மூடியது. கசிவு மட்டும் நல்ல பிள்ளையாகக் குளிரக் குளிர இறங்கிக்கொண்டே போனது. முள்ளைப் பார்த்துவிடலாம் என்று பெட்டியைத் திறந்து, மைக்ராஸ்கோப் விளக்கைக் கூட்டிக் குறைக்கும் நாபைத் திருகினார். வெளிச்சம் வரவில்லை. இன்னும் திருகினார். வரவில்லை.

"முள்ளை இறக்கும்போது எரிஞ்சுது. அப்புறம் பல்பு போயிருச்சு போல மேடம்" என்றான் தாடி.

மேடம் நாபின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. பழைய மைக்ராஸ்கோப்பில் இந்த நாபைக் கடைசிவரை திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், விளக்கு அணையும். தாடி வந்த புதிதில் அது பழுதாகிப் புதுசு வாங்கி வைத்தார்கள். புதுசில் டிக் கிடையாது. வழவழவென்று போய் நின்றுவிடும். அணைப்பதற்கென்று ஒரு பொத்தான் பின்பக்கம் இருக்கிறது, சுவரை ஒட்டி, கை நுழையாத இடத்தில். நாபைக் கடைசிவரை குறைத்தால் விளக்கு அணைந்துவிட்டதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். மேடமும்தான்.

மேடம் நாபிலிருந்து கையை எடுத்தார்.

"போய் ஒரு பல்பு வாங்கிட்டு வா" என்றார்.

"இப்பவா மேடம்?"

"இப்பத்தான்."

தாடி ஓடினான். அவன் வரும்வரை மேடம் அந்த அறையிலேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் இந்த வகை பல்பு மருத்துவமனைக்காரர்களும் வாங்குவார்கள் என்று சொன்னதையெல்லாம் தாடி வந்து சொன்னான். மேடம் காதில் வாங்கவில்லை. பல்பை மாட்டினார்கள். நாபைக் கூட்டி, முள்ளை இறக்கி, நாபைக் கடைசிவரை குறைத்து, பெட்டியை மூடி அளந்தான். தரை வந்துவிட்டது. பழைய இடத்தில், அதே உயரத்தில், போன இடத்திலிருந்து ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்பி வந்து படுத்திருந்தது.

"வந்துருச்சு மேடம்!" என்று தாடி கத்தினான். பாவம், சந்தோஷத்தில்.

"ரூம் லைட்டை அணை. பெட்டியைத் திற."

இருட்டில் இருவரும் நின்றார்கள். கண் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு தெரிந்தது. பல்புக்குள் இருந்த கம்பி, அணையப்போகும் ஊதுவத்தி நுனி மாதிரி, மங்கலாகச் சிவந்துகொண்டிருந்தது. அணைத்துவிட்டதாக நினைத்து அவர்கள் மூடிய ஒவ்வொரு முறையும் பெட்டிக்குள் அது எரிந்திருக்கிறது. அந்தத் துணுக்கு வெளிச்சம் உண்டாக்கிய மின்சாரத்தைத்தான் அவர்கள் கசிவு என்று அளந்திருக்கிறார்கள். வெளிச்சம் உண்டாக்கும் மின்சாரத்துக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் எவ்வளவு குளிர வைத்தும் குறையவில்லை. நடுப்படியும் இல்லை, கடைசிப்படியும் இல்லை.

தாடி குனிந்து அந்தக் கம்பியைப் பார்த்தான். "அப்போ... இத்தனை வருஷமா மேடம்?" என்றான்.

"இத்தனை வருஷமா நாம பல்பு வாங்கியிருக்கோம்ப்பா. நீ என்னடான்னா இன்னைக்குத்தான் போய் வாங்கிட்டு வர்ற."

சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தாடியும் சிரித்தான். இருட்டில் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். வெளியே போன யாரோ கதவைத் தட்டி, என்ன ஆச்சு என்று கேட்டார்கள். சிரிப்பு நின்றபோது தாடி அழுதுகொண்டிருந்தான். "என் தீசிஸ் போச்சா மேடம்?" என்றான்.

"போகாது. லைட்டை நிஜமா அணைச்சா உன் டயோடு எவ்வளவு நல்ல டயோடுன்னு பார்த்தியா? மெஷினாலேயே அளக்க முடியல. அதை எழுது. ஆறு மாசம் கூட ஆகும், ஆகட்டும்."

அவனுக்கு வழி சொல்லியாகிவிட்டது. தனக்குச் சொல்லிக்கொள்ளத்தான் ஒன்றுமில்லை. அந்தக் கொள்கையை நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அதிகமாகத் துக்கமாக இருந்தது. அவ்வளவு அழகான கணக்கு. விளக்கு எரிந்ததை விளக்க இரண்டு வருஷம் எழுதிய கணக்கு.

துறைத்தலைவரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். எல்லோர் முன்னாலும் அவரை 'சார்' என்பார், தனியாக இருக்கும்போது 'நீ'தான். அவர் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு கையை எடுத்தார். நிர்வாகம் பழகிய மனுஷன், சீக்கிரம் எடுத்துவிட்டார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் தாடிக்கும். இப்போ உனக்கு."

"அப்போ வாயை மூடிட்டு இரு. இன்டர்வியூ அடுத்த வாரம். அது முடியட்டும், ஆர்டர் கைக்கு வரட்டும். அப்புறம் மெதுவா ஒரு திருத்தம் போடு. யாரு தப்பு பண்ணல? விஞ்ஞானம்னா அப்படித்தான்."

"தப்புன்னு தெரிஞ்சுக்கிட்டே போய் உட்காரச் சொல்றியா?"

"இத்தனை வருஷம் நீ எத்தனை பேருக்குப் பாடம் சொல்லிக்குடுத்திருக்கே? அதுக்கெல்லாம் சேர்த்து வாங்கிக்கோ. நியாயமா உனக்கு எப்பவோ குடுத்திருக்கணும். இதனால யாருக்கு என்ன நஷ்டம், சொல்லு? ஒருத்தருக்கும் இல்ல."

மேடத்தால் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொன்னால் அந்தப் பேச்சு அவருக்கு இனித்தது. நியாயமா உனக்கு எப்பவோ குடுத்திருக்கணும் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்றுதானே இத்தனை வருஷம் காத்திருந்தார்.

வீட்டில் கணவரிடம் சொன்னார். கணவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "சரி, நீ எந்த முடிவு எடுத்தாலும் எனக்குச் சரி. ஆனா ஒண்ணு. முடிவு எடுத்துட்டு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உட்காரக்கூடாது" என்றார்.

"இது ஒரு பதிலா?"

"பின்னே? சொல்லாதேன்னு சொன்னா நாளைக்கு என்னைத் திட்டுவே. சொல்லுன்னு சொன்னா இன்னைக்கே திட்டுவே. காலரு கருகுது, விடு."

நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்பு மேடம் அந்தப் பெரிய ஆய்வகத்துப் பேராசிரியருக்கு ஃபோன் செய்தார். அதை ஒரு மரியாதை என்றுதான் தனக்குச் சொல்லிக்கொண்டார். அவர் கட்டுரையை அனுப்புவதற்குள் சொல்லிவிட்டால் அவர் பெயராவது கெடாது. உங்களிடம் இருப்பது எந்த மைக்ராஸ்கோப் என்று கேட்டார். அதே கம்பெனி, அதே மாடல். விளக்கை எப்படி அணைக்கிறீர்கள்? நாபைக் குறைத்துத்தான். மேடம் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு பெரிய சிரிப்பு.

"அட கடவுளே! அதான் அந்தப் பொண்ணுக்கு வரவே இல்லையா!"

"எந்தப் பொண்ணு சார்?"

"என்கிட்ட ஒருத்தி இருந்தா. முதல்ல இதை அவகிட்டதான் குடுத்தேன். அவளுக்குத் தரையே வரல. எத்தனை தடவை அளந்தாலும் கோடு கீழே போயிட்டே இருக்குன்னு வந்து நிப்பா. அவ ஒரு மாதிரி. வேலை முடிஞ்சா, ஏன், நடுவுலகூட, எல்லாத்தோட ப்ளக்கையும் பிடுங்கிடுவா. லைட்டையும் பிடுங்கியிருப்பா, இப்பத்தானே புரியுது!"

"நீங்க என்ன சொன்னீங்க அவகிட்ட?"

"என்ன சொல்றது? உங்க பேப்பரை எடுத்து முன்னால வெச்சேன். பாரும்மா, தரை இருந்தே தீரணும்னு கணக்கு சொல்லுது, உனக்கு வரலைன்னா நீ செஞ்ச டயோடுதான் கோளாறு, உன் கை இந்த வேலைக்கு ஒத்து வராதுன்னு சொன்னேன். ஒரு வருஷம் திரும்பத் திரும்பச் செஞ்சா. அப்புறம் விட்டுட்டுப் போயிட்டா. அடுத்து வந்த பையனுக்கு முதல் தடவையே தரை வந்துருச்சு. பாருங்களேன், என்ன வேடிக்கை!"

மேடத்துக்கு வேடிக்கையாக இல்லை. அந்தப் பெண் இப்போது எங்கே என்று கேட்டார். அப்பா வீட்டில் இருப்பதாகக் கேள்வி, ஏதோ வங்கிப் பரீட்சைக்குப் படிக்கிறாளாம் என்றார் பேராசிரியர். நம்பர் வேண்டும் என்றார் மேடம். அவர் தேடிக் கொடுத்தார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு ஏதோ இன்டர்வியூ இருக்குன்னு கேள்விப்பட்டேன். அது முடியட்டும். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து திருத்தம் போட்டுக்கலாம். அவசரம் ஒண்ணுமில்ல" என்றார்.

நல்ல மனுஷர்கள்தான் எல்லோரும். யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் மேடத்துக்கு எரிச்சலாக இருந்தது.

யாருக்கு என்ன நஷ்டம் என்ற கேள்விக்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது. முகம் தெரியாத ஒரு பெண், சரியாக அளந்தவள். சரியாக அளந்ததற்காகத் தன் கையையே சந்தேகப்பட்டு ஒரு வருஷம் அதே டயோடைத் திரும்பத் திரும்பச் செய்தவள். அவளிடம் நீட்டப்பட்ட தாளில் மேடத்தின் பெயர் இருந்தது. நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு மேடம் அன்றைக்கு ஃபோன் செய்யவில்லை. என்னவென்று செய்வது? நாளை மறுநாள் போய் அதே தாளைக் காட்டிப் பதவி வாங்கப்போகிறேன் என்று சொல்வதா?

நேர்காணல் அறையில் நீள மேஜை. அந்தப் பக்கம் ஐந்து பேர். துறைத்தலைவர் ஓரத்தில், தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் குழுத்தலைவர். பக்கத்தில் வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒருவர், கட்டுரையை அச்செடுத்து, பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்டு வைத்திருந்தார். மேடம் அந்தக் கோடுகளையே பார்த்தார். தான் எழுதிய ஒன்றை யாரும் அவ்வளவு அக்கறையாகப் படித்து அவர் பார்த்ததில்லை.

"நான் எல்லாத்தையும் விட்டுட்டு இதைத்தான் கேக்கப் போறேன்" என்றார் நிபுணர், சிரித்த முகமாக. "நடுப்படியை எங்களுக்கு ரெண்டு நிமிஷத்துல சொல்லுங்க."

"ரெண்டு நிமிஷம் வேண்டாம் சார். அது இல்ல."

"புரியலையே."

"நடுப்படின்னு ஒண்ணு கிடையாது. மைக்ராஸ்கோப் லைட்டு அணையல. நாபைக் குறைச்சா அணைஞ்சிரும்னு நினைச்சோம். போன வாரம் பல்பு ஃப்யூஸ் ஆனப்போதான் தெரிஞ்சுது."

நாலு பேர் அவரையே பார்த்தார்கள். துறைத்தலைவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். நிபுணர் கையிலிருந்த தாளைப் புரட்டினார், திருப்பிப் புரட்டினார். "கணக்கு அவ்வளவு சரியா பொருந்துதே" என்றார். கோபமில்லை அவர் குரலில். ஏமாற்றம்தான்.

"பொருந்தும் சார். ரெண்டு வருஷம் பொருத்தினது நான்தானே."

குழுத்தலைவர் தொண்டையைச் செருமினார். "கட்டுரை இன்னும் திரும்பப் பெறப்படலை. வேற ஒரு பெரிய இடமும் உறுதி செஞ்சிருக்காங்க. இதை நீங்க இன்னைக்கு இங்கே சொல்லியிருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்லையே மேடம்?"

"அந்தப் பெரிய இடத்துல ஒரு பொண்ணு சரியா அளந்திருக்கா சார். என் பேப்பரைக் காட்டி அவளை அனுப்பிட்டாங்க."

நிபுணர் தாள்களை ஒன்றாக அடுக்கி மூடி வைத்தார். இது தவிர வேறு பங்களிப்பு ஏதாவது உண்டா என்று குழுத்தலைவர் கடமைக்குக் கேட்டார். பாடம் நடத்துகிறேன் என்றார் மேடம். அதை அவர்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள்.

முடிவு மாலையே தெரிந்துவிட்டது. துறைத்தலைவர் அறைக்கு வந்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "உன்னைத் திருத்தவே முடியாது" என்றார். பரீட்சையில் தாளை மறைத்தபோதும் இதையேதான் சொன்னார் என்று மேடம் ஞாபகப்படுத்தினார். அவர் சிரிக்கவில்லை. போகும்போது மேடத்தின் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

மேடத்துக்கு வலித்தது. நேர்மையாக நடந்துகொண்டால் மனசு லேசாகும் என்று சொல்கிறார்களே, அப்படி ஒன்றும் ஆகவில்லை. கனமாகத்தான் இருந்தது. கதவைச் சாத்திக் கொஞ்ச நேரம் அழுதார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கட்டுரையைத் திரும்பப் பெறக் கடிதம் அனுப்பிவிட்டு, அந்தப் பெண்ணின் நம்பரைப் போட்டார்.

இரண்டாவது முறைதான் எடுத்தாள். மேடம் தன் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை அவள் மறந்திருக்க வாய்ப்பில்லை.

"சொல்லுங்க" என்றாள்.

மேடம் சொன்னார். விளக்கு, நாப், பல்பு, எல்லாவற்றையும். கட்டுரையைத் திரும்பப் பெறக் கடிதம் போய்விட்டது என்றும் சொன்னார். "நீங்க அளந்ததுதான் சரி. உங்க டயோடுல கோளாறு இல்ல. உங்க கையிலயும் இல்ல" என்றார்.

அழுவாள் என்று மேடம் எதிர்பார்த்தார். திட்டுவாள் என்றும் எதிர்பார்த்தார். அவள் இரண்டும் செய்யவில்லை.

"ப்ளக்கைப் பிடுங்குறது எங்க வீட்டுப் பழக்கம்ங்க. அப்பா வெச்ச பழக்கம். வெளியே கிளம்பினா எல்லாத்தையும் பிடுங்கிடணும்" என்றாள். பிறகு, "ஒரு நிமிஷம் இருங்க. இதை எங்க அப்பாகிட்ட சொல்றீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டார். படிக்க வெச்சா கை சரியில்லைன்னு திரும்பி வந்துட்டாளேன்னு ஆறு மாசமா என்கூட சரியாவே பேசுறதில்ல."

ஃபோன் கைமாறும் சத்தம் கேட்டது. தூரத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, யாரோ அதன் சத்தத்தைக் குறைத்தார்கள்.

"யாருங்க?" என்றது வயதான ஒரு குரல்.

மேடம் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். டயோடு, தரை எல்லாம் விட்டுவிட்டு, உங்கள் பெண் சரியாகத்தான் செய்தாள், மற்றவர்கள்தான் தப்பாகச் செய்தோம் என்பதை மட்டும் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நம்பவில்லை என்பது மூச்சிலேயே தெரிந்தது.

"அங்கே பெரிய புரொஃபசர் ஒருத்தர் இருக்காருங்க. அவரே இவ கை சரியில்லைன்னு சொல்லிட்டாரு. நீங்க அவரைவிடப் பெரிய புரொஃபசரா?"

மேடம் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார்.

"இல்லைங்க. நான் புரொஃபசரே இல்ல" என்றார். "அந்தத் தப்பைப் பண்ணினது நான்தான். அதான் எனக்கு நல்லாத் தெரியும்."

அந்தப் பக்கம் தொலைக்காட்சியின் சத்தமும் நின்றது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று மேடம் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை. ஃபோனைக் கையால் மூடாமலே அவர் வீட்டுக்குள் திரும்பிக் கேட்பது தெளிவாகக் கேட்டது.

"ஏம்மா, சாப்பிட்டியா நீ?"